இரண்டாவது அடுப்பு

என் மகள் ஒன்பது வயதில் கேட்ட ஒரு கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அதை மறந்திருப்பாள் என்று சில நாள் தோன்றுகிறது, மறக்கவில்லை என்று சில நாள் தோன்றுகிறது. நேரிலேயே கேட்டுவிடலாம்தான். ஆனால் மறந்திருந்தவளுக்கு நானே நினைவுபடுத்தியதாகிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. போன வாரம் அவள் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தையால் எல்லாம் மறுபடி கிளம்பிவிட்டது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் எனக்காவது புரிகிறதா பார்க்கலாம்.

கோவை கணபதியில் லேத்துப் பட்டறைகளைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் வீதி. நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தர். பி.காம். படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் வீதியில் யாருக்கு எந்த விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். அந்த வருடம் ரேஷன் கார்டு புதுப்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வாசலில் நாலு பேராவது தாளோடு நிற்பார்கள்.

விண்ணப்பத்தில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம், உறுப்பினர் பெயர் என்று ஒரு கட்டம், உறவுமுறை என்று ஒரு கட்டம். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம், அவர்களுக்கு ஒரு கார்டு. கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. வீதிக்காரர்கள் வந்து உட்கார்ந்து சொல்லச் சொல்லத்தான் குழம்ப ஆரம்பித்தது.

முனை வீட்டில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று மனைவிகள், குழந்தைகள் ஒன்பது பேர். தனித்தனியாக எழுதினால் மூன்று கார்டு கிடைக்குமே என்று மூத்தவரின் மனைவியிடம் சொன்னேன்.

“மூணு கார்டு வாங்கி மூணு அடுப்பு மூட்டச் சொல்றீங்களா அம்மணி? ஒரு சட்டியிலயே எல்லாத்தையும் எழுதிப்போடுங்க. எடம் பத்தலைன்னா தாளு ஒட்டிக்கலாம்” என்றார்.

எதிர்வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுவார். குடும்பத் தலைவர் பெயரை எழுதும்போது அவர் மனைவி சொன்னாள், “வாரத்துக்கு ஒருக்கா வர்ற தலைவருங்க. சக்கரை அளக்கறப்ப குறைச்சுருவாங்களா?”

கடைசி வீட்டு ஒற்றை அறையில், இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை செய்யும் தெற்கத்திப் பையன்கள் ஐந்து பேர் தங்கியிருந்தார்கள். “நாங்களும் ஒரே அடுப்புலதான் பொங்குறோம்க்கா, குடும்பம்னு போட்டுருங்க” என்றார்கள். யார் தலைவர் என்று கேட்டேன். “அன்னைக்கு எவன் பாத்திரம் கழுவலையோ அவன்தாங்க்கா” என்றான் ஒருவன்.

இப்படி ஊரார் குடும்பங்களையெல்லாம் கட்டத்துக்குள் அடைத்துக்கொண்டிருந்தேனே தவிர, என் வீட்டுக்கு எந்தக் கட்டம் என்று யோசிக்கவில்லை.

எங்களுடையது ஒரு கதவு எண்ணுக்குள் இரண்டு வீடு. மாமனார் கட்டியது. முன்வீட்டில் நாங்கள்: கணவர், நான், மகன், அவனைவிட மூன்று வயது இளையவளான மகள். பின்வீட்டில் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நடுவில் துவைக்கிற கல்லும் குழாயும் உள்ள முற்றம், பதினோரு அடி நடந்தால் கடந்துவிடலாம். அடுப்பு ஒன்றுதான், அது அக்காவுடையது. காலை எட்டு மணி பஸ்ஸுக்கு நான் ஓட வேண்டும் என்பதால் கல்யாணமான நாளிலிருந்து என் சமையலும் அங்கேதான். என் சமையலறையில் பழைய பேப்பர்க் கட்டுகளும் மகனின் உடைந்த சைக்கிளும் இருந்தன. மகள் பள்ளிவிட்டு வந்தால் பையை அக்கா வீட்டில்தான் வீசுவாள். சாப்பிடுவது அங்கே, வீட்டுப்பாடம் அங்கே, தூங்குவதற்கு மட்டும் என்னிடம் வருவாள்.

கார்டு மாமனார் பெயரில் ஒன்றுதான் இருந்தது. அவர் போன பிறகு புதுப்பிக்கும் சமயம் வந்ததும், ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அண்ணன் தம்பி பேசிக்கொண்டார்கள். அதில் சண்டை ஒன்றுமில்லை. எல்லோரும் பிரிக்கிறார்கள், நாமும் பிரிப்போம் என்பதுதான். ஆனால் வீதியில் ஒரு பேச்சு இருந்தது. ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் இரண்டு பேருக்குத் தனிக் கார்டு தரமாட்டார்கள், மூன்று பேராவது காட்ட வேண்டும், தனி அடுப்பும் எரிய வேண்டும் என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். தாலுகா ஆபீசில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதுகிற நான் ஏன் அதைக் கேட்கவில்லை என்று தெரியவில்லை.

கணவர்தான் சொன்னார். “ஒரு புள்ளையோட பேர அண்ணன் கார்டுல போட்டுரு. பேருதான, ஊட்டுக்குள்ளதான இருக்குது.”

எந்தப் பிள்ளை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் அக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்து எழுதினேன். அக்கா பக்கத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலைவர் பெயர், அடுத்து மனைவி. மூன்றாவது வரியில் என் மகளின் பெயரை எழுதி, வயது ஒன்பது என்று போட்டு, உறவுமுறைக் கட்டத்தில் ‘மகள்’ என்று எழுதினேன். பேனா ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

“என்ன எழுதியிருக்கற கண்ணு?” என்றார் அக்கா. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். வாசித்துக் காட்டினேன். வெங்காயக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, அந்தக் கட்டத்துக்கு மேலே விரலைத் தொடாமல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

குழந்தைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. ஆபீசர் வருவார், கேட்டால் பெரியம்மா பொண்ணு என்று சொல்ல வேண்டும் என்றேன். மகன் குதித்தான். “அப்ப நீ எனக்குத் தங்கச்சி இல்லடி. பின்னூட்டுப் புள்ள.”

மகள் அவனைக் கவனிக்கவில்லை. “ஏம்மா பொய் சொல்லோணும்?” என்றாள்.

“பொய் இல்ல கண்ணு. பெரியம்மான்னாலும் அம்மாதான?” என்றேன். அவசரத்துக்குச் சொன்ன சமாதானம் அது. அந்த நேரத்தில் அது எனக்கு நல்ல பதிலாகக்கூடத் தோன்றியது.

ஆபீசர் வருகிற அன்றைக்கு அரை நாள் லீவு போட்டேன். சைக்கிளையும் பேப்பரையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பரணிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கித் துடைத்தேன். எங்கள் வீதியில் அதற்கு அடுப்பு காட்டுவது என்று பெயர். அன்றைக்கு வீதியில் பாதி வீட்டில் அடுப்பு காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கிளறிய உப்புமாவில் புகை வாசம் ஏறிவிட்டது.

வந்தவர் வயதானவர். கையில் குடையும் ஃபைலும் இருந்தன. என் அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே அக்காவின் அரிசிபருப்பு சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, கதவோரம் நின்ற என் மகளைப் பார்த்து, “நீ யாரு பொண்ணு கண்ணு?” என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அக்காவின் அடுப்புப் பக்கம் திரும்பி, கொதிப்பதைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன். பின்னால் அவள் நடந்து போவது கேட்டது.

“இவங்க பொண்ணுங்க.”

திரும்பியபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் எழுதிக்கொண்டே, “சொல்லவே வேண்டாமுங்க, அப்பிடியே அம்மாவாட்டத்தான இருக்குது” என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அக்கா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது என்றுதான் நினைவு. சிரித்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆபீசர் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி வருவார், அடுப்பு எரியாத வீட்டுக்குக் கார்டு வராது என்று அடுத்த பேச்சு கிளம்பியது. அதனால் கார்டு கைக்கு வரும்வரை தனியாகவே சமைப்பது என்று முடிவு செய்தோம். என் மகளையும் அதுவரை பின்வீட்டிலேயே, அக்கா பாயில் தூங்கச் சொன்னேன். யாராவது காலையில் வந்து பார்த்தால் அவள் அங்கே இருக்க வேண்டுமே.

கார்டு வர ஒரு மாதம் ஆனது, அதுவரை என் சமையல்தான். “அந்த ஆபீசரு இந்த உப்புமாவ ஒரு வாய் தின்னிருந்தா நமக்குக் கார்டே குடுத்திருக்க மாட்டாரு” என்றார் கணவர்.

கார்டுகள் வந்த சாயங்காலம், அக்கா வீட்டுத் திண்ணையில் இரண்டையும் வைத்திருந்தோம். மகளுக்கு எதைக் கண்டாலும் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம், பஸ் டிக்கெட்டைக்கூட விடமாட்டாள். முதலில் எங்கள் கார்டைப் படித்தாள். அப்பா பெயர், அம்மா பெயர், அண்ணன் பெயர். அதோடு முடிந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு பெரியப்பா கார்டை எடுத்தாள். அதை வாய்விட்டுப் படிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்து அவளுடைய பவானி ஜமக்காளத்தைச் சுருட்டினாள். இரண்டு கவுனையும் ஜாமெட்ரி பெட்டியையும் எடுத்து அதற்குள் வைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“எங்க கண்ணு போற?”

“பெரியம்மா ஊட்டுக்கு.”

“இனி அங்க படுக்க வேண்டாம் தங்கம். கார்டு வந்திருச்சல்ல?”

“வந்திருச்சுங்க. அதுலதான் நான் அங்க இருக்கறேனே” என்றாள்.

கோபமில்லை. அழுகையில்லை. வகுப்பு மாற்றிவிட்டால் பிள்ளைகள் பெஞ்சு மாறி உட்காருமே, அப்படித்தான் இருந்தது. வாசல்படியில் நின்று திரும்பினாள்.

“அண்ணன் பேர ஏனுங்கம்மா அங்க எழுதல?”

அதுவரை என்னை வா, போ என்றுதான் பேசுவாள். மரியாதையெல்லாம் பெரியம்மாவுக்குத்தான். அவள் பதிலுக்காக நின்றாள். பிறகு பாரம் கனத்ததோ என்னவோ, ஜமக்காளத்தை அடுத்த கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு முற்றத்தைக் கடந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனை பதில் தேடியிருக்கிறேன். அவள் எப்போதும் அங்கேயே இருந்தவள், அதனால் எழுதினேன். பையன் ஆபீசர் முன்னால் உளறிவிடுவான், அதனால் எழுதினேன். அக்காவுக்கு அவள்மேல்தான் பிரியம், அதனால் எழுதினேன். எல்லாமே உண்மைதான், ஆனால் எழுதும்போது இவற்றில் ஒன்றுகூட என் மனதில் இல்லை. இருவரில் யார் என்று நிறுத்தி யோசித்து அவளைத் தேர்ந்திருந்தால் அது ஒரு முடிவு என்றாவது சொல்லலாம். நான் யோசிக்கவே இல்லை. கை தானாகவே மகளின் பெயருக்குப் போயிற்று. பெண்ணென்றால் என்றைக்கோ இன்னொரு கார்டுக்குப் போகிறவள் என்பது, படித்த என் கைக்குக்கூடத் தெரிந்திருக்கிறதா? தெரியவில்லை.

இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. கணக்கில் சந்தேகம் என்றால் நோட்டோடு வருவாள், வாசலில் நின்று “வரலாமுங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே வருவாள். கணவரிடம் சொன்னால், “பத்தடி தூரத்துல இருக்கறதுக்கு என்ன ஒப்பாரி” என்றார். அப்படிச் சொன்ன மூன்றாம் நாள் அவரும் முற்றத்தில் சும்மா நின்று பின்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி, “புள்ளையத் தத்துக் குடுத்துப்போட்டீங்களாமா? ஊரே சொல்லுது” என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

துவைக்கிற கல்லருகே அக்காவைப் பிடித்தேன். “புள்ளைய அனுப்பி வைங்கக்கா.”

அக்கா துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். “நான் புடிச்சா வெச்சிருக்கறேன் கண்ணு? நீ போ சாமி, அம்மா தேடும்னு தெனமும் சொல்லீட்டுத்தான் இருக்கறேன். கார்டு கார்டுங்குது. எழுதுனது நீதான?”

“நான்தானுங்க.”

“நானா கேட்டேன்?”

“கேக்கலீங்க.”

குழாயில் குடம் நிறைந்து வழிந்தது. அக்கா அதை நகர்த்திவைத்தார். “இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போகட்டும்னு எனக்கும் ஆசதான். அதையும் சொல்லிப்போடறேன். மறைச்சு என்ன பண்றது” என்றார்.

அவர்மேல் கோபப்பட முடியாதபடி சொல்லிவிட்டார். கோபம் மட்டும் என்னிடம் அப்படியே இருந்தது, யார்மேல் வைப்பதென்று தெரியாமல்.

மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஒரு கார்டிலிருந்து பெயரை எடுத்து இன்னொரு கார்டில் சேர்ப்பதற்குத் தாள் கொடுத்த எழுத்தர், “காரணம் எழுதோணுமுங்க. சாவு, கல்யாணம், எடமாத்தம். மூணுல ஒண்ணு” என்றார்.

“தப்பா எழுதிட்டோமுங்க.”

“தப்புங்கறது இதுல இல்லீங்களே” என்று அவரும் தாளைப் புரட்டிப் பார்த்தார். வேறு வழியில்லையா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் முதலில் எழுதியது பொய் என்றாகும். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா வீட்டின் அதே தரையில், அதே பேனாவோடு உட்கார்ந்தேன். தலைவர் கையெழுத்து வேண்டும். கணவரின் அண்ணன் அதிகம் பேசாதவர், இந்த விஷயத்தில் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாளை வாங்கி, “புள்ள சாப்பாடு இங்கதான?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமாங்க மாமா.”

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பிவிட்டார். செருப்பு மாட்ட வழக்கத்தைவிட நேரமானது.

மகள் எதிரில் உட்கார்ந்து தலைகீழாகத் தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். காரணக் கட்டத்தில் பேனா நின்றது. இந்தமுறை நின்றது.

“என்ன எழுதட்டும் கண்ணு?” என்று அவளையே கேட்டேன்.

மூன்றையும் படித்துப் பார்த்தாள். “நான் சாகலியே. எடமாத்தம்னு போடுங்கம்மா.”

போட்டேன். அடுத்த கட்டம் பழைய முகவரி, அதற்கடுத்தது புது முகவரி. இரண்டிலும் ஒரே கதவு எண்ணை, ஒரே வீதியை எழுதினேன். அவள் சிரித்துவிட்டாள். “அங்கயும் இதேதான் இருக்குது, இங்கயும் இதேதான் இருக்குது. ஆபீசரு நம்மள லூசுன்னு நெனைப்பாரு” என்றாள். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

திருத்திய கார்டு வந்த அன்று சாயங்காலம் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு முன்வீட்டுக்கு வந்தாள். எங்கள் கார்டில் அண்ணன் பெயருக்குக் கீழே, வேறு மையில், வேறு கையெழுத்தில் அவள் பெயர். அக்காவின் கார்டில் சிவப்புக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். கோட்டுக்கு அடியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, ‘மகள்’ உட்பட.

என்னிடம் வந்தாள் என்று எழுதுவதா, கார்டு சொன்ன இடத்துக்கு வந்தாள் என்று எழுதுவதா? கார்டு போ என்றதும் போனவள், வா என்றதும் வந்தாள். நடுவில் நான் எங்கே இருந்தேன்? எனக்குத் தேவையாக இருந்தது அவள் அழுதுகொண்டே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்வது. அவள் ஜாமெட்ரி பெட்டியை அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள், படுத்தாள், தூங்கிவிட்டாள்.

இரண்டாவது அடுப்பு அணையவில்லை. ஆபீசர் மறுபடி வரவேயில்லை. பழையபடி சேர்ந்து சமைக்கலாம் என்று நான் போய்ச் சொல்லவில்லை, வா என்று அக்காவும் கூப்பிடவில்லை. பிறகு எங்களுக்கு கேஸ் வந்தது, ஆறு மாதம் கழித்து அவர்களுக்கும் வந்தது. காட்டுவதற்காக மூட்டிய அடுப்பில் இப்போது தினமும் சமைக்கிறேன். உப்புமாவும் பரவாயில்லாமல் வருகிறது. காலைப் பலகாரத்தை மகள் இன்னும் அக்கா வீட்டில்தான் சாப்பிடுகிறாள். இந்த வழக்கத்துக்கு எந்தக் கட்டமும் இல்லை, அதனால் யாரும் அடிக்கவும் இல்லை.

போன வாரம் பள்ளியில் ஏதோ விண்ணப்பத்தோடு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தை அவளே எழுதியிருந்தாள். கையெழுத்து அச்சாக என்னுடையது. நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

“எந்தக் கார்டு எடுத்துட்டுப் போறதுங்கம்மா?” என்றாள்.

பால் பொங்கப் போகிறது என்று அடுப்புப் பக்கம் திரும்பினேன். ஆபீசர் கேட்ட அன்றைக்கும் இப்படித்தான் திரும்பிக்கொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

“நம்ம கார்டு” என்றேன்.

“ரெண்டும் நம்மளுதுதானுங்கம்மா. அதுல எதுன்னு கேட்டேன்.”

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரம் மட்டும்தான். நான் அலமாரியிலிருந்து எங்கள் கார்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து காலைப் பலகாரத்துக்குப் பின்வீட்டுக்குப் போனாள். அந்தக் கேள்வியைப் பற்றி இப்போதாவது பேசிவிடலாம் என்று நானும் வாசல்படி வரை வந்தேன். அதற்குள் அக்காவின் குரல் கேட்டது, “வா கண்ணு, தோசை ஆறுது.” நான் படியிலேயே நின்றுவிட்டேன்.